கருப்புக்கு இரண்டு மந்திரி

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் குரா நதியை ஒட்டி ஒரு பழம்பொருள் சந்தை கூடுகிறது. வறண்ட பாலம் என்று பெயர். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு எப்படி இருந்தது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை நேரில் பார்த்தது போல் இருந்தது. தரையில் விரித்த துணிமேல் சோவியத் பதக்கங்கள், ஓடாத கைக்கடிகாரங்கள், முலாம் போன கரண்டிகள், யாருடைய கல்யாணம் என்று தெரியாத கல்யாணப் போட்டோக்கள். அங்கேதான் அந்தச் சதுரங்கப் பெட்டியை வாங்கினேன். விரித்தால் பலகை, மடக்கினால் பெட்டி. காய்களின் அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணி பாதி உதிர்ந்திருந்தது. ஜார்ஜியப் பணத்தில் 60 லாரி சொன்னவர் 45-க்கு இறங்கிவந்தார். ஏமாந்துவிடக் கூடாதே என்று காய்களை எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு. சரியாக இருந்தது.

எண்ணிக்கை மட்டும்தான் சரி என்பது மறுநாள் ஜுக்திதி ரயிலில் தெரிந்தது. எதிர் இருக்கைப் பெரியவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, “ச்சாத்ராக்கி?” என்றார். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. நம் சதுரங்கம் பாரசீகம் வழியாக மலையேறி வந்து இங்கே ச்சாத்ராக்கி ஆகியிருக்கிறது. அடுக்க ஆரம்பித்தோம். அவர் பக்கம் கருப்பு. கடைசியில் அவர் கையில் இரண்டு மந்திரி நின்றது, சிப்பாய் ஏழுதான். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். “லாசியேரி, லாசியேரி” என்று இரண்டையும் தூக்கிக் காட்டினார். ஜார்ஜிய மொழியில் அந்தக் காய்க்கு அதுதான் பெயர். வசீர் என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் வீடுகளில் பெரியவர்கள் மந்திரி என்றுதான் சொல்வார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள்தான் ராணி ஆக்கினார்கள். ஒரு மந்திரியைச் சிப்பாய் என்று வைத்துக்கொண்டு ஆடினோம். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோற்றேன்.

எனக்குச் சதுரங்கம் வராது. ஆனால் சதுரங்கப் போட்டி நடக்கும் மண்டபங்களின் வாசல் எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருடம் மகளைக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் நான். கல்யாண மண்டபம், இன்ஜினியரிங் காலேஜ் ஆடிட்டோரியம், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடம். கையில் டிபன் பாக்ஸோடு வெளியே நிற்கும் பெற்றோர் கூட்டத்தில் ஒருத்தி. அவளுக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஒரு ஓபன் போட்டியில் ஒன்பதாவதாக வந்தாள். பத்து பேருக்குப் பரிசு. அவளை மேடைக்குக் கூப்பிட்டு ‘சிறந்த சிறுமி’ என்ற கோப்பையைக் கொடுத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பரிசுதான் என்று ஒன்பதாம் பரிசு அவளுக்குப் பின்னால் வந்த பையனுக்குப் போனது. கோப்பை பெரிசு. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் அம்பத்தூர் வரைக்கும் பேசவில்லை. இறங்கும்போது கேட்டாள்: “நான் நைன்த்துதானேம்மா? அத ஏன் யாருமே சொல்லல?”

பதினைந்து வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டாள். அந்தக் கோப்பைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். பத்தாம் வகுப்பு, டியூஷன், எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நோனா கப்ரிண்டஷ்விலி. கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய உலகின் முதல் பெண். ‘பெண் கிராண்ட்மாஸ்டர்’ என்றொரு தனிப் பட்டம் உண்டு, 1976-இல் ஏற்படுத்தினார்கள். அளவுகோல் கொஞ்சம் தாழ்ந்தது. நான் சொல்வது அதையல்ல. ஆண்களுக்குக் கொடுக்கும் அதே பட்டம். 1978-இல் கொடுத்தார்கள்.

திபிலிசியில் அவர் பெயரில் ஒரு அரண்மனை இருக்கிறது. அரண்மனை என்றால் குவிமாடமும் தூணும் அல்ல, சதுரங்க அரண்மனை. ருஸ்தவேலி மெட்ரோவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், வேரா பூங்காவின் மரங்களுக்கு நடுவே 1973-இல் கட்டிய சோவியத் காலத்துக் கட்டடம். சதுரங்கத்தோடு மலையேறுபவர்களின் கிளப்புக்கும் சேர்த்துக் கட்டியது. இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கத் தோன்றிய ஆளைப் பார்த்துக் கைகுலுக்க வேண்டும். நான் போனது ஆகஸ்ட் மாதச் சாயங்காலம். ஓர் அறையில் ஏழெட்டுப் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு எழுபது இருக்கும், காலில் வீட்டுச் செருப்பு. சுவரில் தொங்கிய பெரிய பலகையில் ஒரு குதிரையை நகர்த்திவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். பிள்ளைகள் கத்திய எந்த விடைக்கும் அவர் தலையாட்டவில்லை. கடைசி பெஞ்சுப் பெண் மெல்ல ஏதோ சொன்னாள். அவர் குதிரையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, ‘வா, வந்து நீயே வை’ என்பது போலக் கையசைத்தார்.

ஒரு சின்ன நாடு. மக்கள்தொகை நாற்பது லட்சத்துக்கும் குறைவு. நம் சென்னையில் பாதிகூட வராது. 1962 முதல் 1991 வரை, இருபத்தொன்பது ஆண்டுகள், பெண்கள் உலகப் பட்டம் இந்த நாட்டை விட்டு வெளியே போகவில்லை. முதலில் நோனா, பிறகு மாயா சிபுர்தனிட்ஸே. இடையில் பட்டத்துக்குப் போட்டியிட்ட நானா அலெக்சாந்திரியாவும் நானா யோசெலியானியும் ஜார்ஜியாக்காரிகளே. முன்பு கல்யாணப் பெண்ணின் சீர்வரிசையில் கவிஞர் ருஸ்தவேலியின் காவியத்தோடு ஒரு சதுரங்கப் பலகையும் வைப்பார்களாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சீர்வரிசை உலக சாம்பியனை உண்டாக்காது. உண்டாக்கியவர் வக்தாங் கர்செலாட்ஸே என்ற பயிற்சியாளர். பெண் பிள்ளைகளை உட்கார வைத்து, ஆண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். அதற்குச் சம்பளம் கொடுக்க ஒரு அரசாங்கம் இருந்தது. நோனாவைப் பற்றி எழுதுபவர்கள் இதைச் சட்டென்று தாண்டிப்போய்விடுகிறார்கள்.

ரயில் கோரியில் நின்றது. ஸ்டாலின் பிறந்த ஊர். எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அதன்பின் மலை, சுரங்கப்பாதைகள். மலையைத் தாண்டினதும் நாடே மாறிவிட்டது. காய்ந்த மஞ்சள் புல் போய் ஈரப் பச்சை. ஜன்னல் வழியே உள்ளே வந்த காற்றில்கூட நம் மேற்குக் கடற்கரையின் புழுக்கம். மாயா பிறந்த குத்தாய்சி வடக்கே எங்கோ ஒதுங்கிக்கொண்டது. பெரியவர் சாம்த்ரேதியாவில் இறங்கினார். இறங்குவதற்கு முன் இரண்டு கருப்பு மந்திரிகளையும் எடுத்து, பலகையின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஜுக்திதி மெக்ரேலியர்களின் ஊர். நோனா 1941 மே 3-ஆம் தேதி இங்கே பிறந்தார். கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேரும் ஆண்கள். அவர்களோடு பந்து விளையாடி, அவர்கள் ஆடும்போது பக்கத்தில் நின்று சதுரங்கமும் கற்றார். நான் தங்கிய விடுதி அகலமான மரத்தாழ்வாரம் வைத்த ஒரு பழைய வீடு. முற்றம் முழுக்க ஹேசல் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. நம் ஊர்த் தார்ச்சாலையில் கேழ்வரகைப் பரப்புவது போல, நடக்க ஒற்றையடி வழி மட்டும் விட்டுப் பரப்பியிருந்தார்கள். வீட்டுக்காரம்மாள் மரத்துடுப்பால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டே பெயர் சொன்னார்: “நோனா.”

நான் வியந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. 1963-இல் பிறந்தவர். அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைகளில் பாதிப் பேர் நோனாதான் என்றார், போனில் மொழிபெயர்ப்புச் செயலி வழியாக. பாதி என்பது அவர் கணக்கு. ஆனால் 1962-க்குப் பிறகு நாடெங்கும் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது தெரிந்த செய்திதான். இருபத்தோரு வயதில் நோனா மாஸ்கோவில் உலக சாம்பியன் யெலிசவெத்தா பீகோவாவை 9–2 என்று வென்றார். ஏழு வெற்றி, நான்கு டிரா, ஒரு தோல்விகூட இல்லை. “உங்களுக்கு ஆட வருமா?” என்று கேட்டேன். “குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது” என்றார் கல்பதோனோ நோனா. மரியாதைக்குப் பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று ரயிலில் பெரியவர் சொல்லிக்கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் அவர் நோனாக்கா ஆகிவிட்டார்.

ராத்திரிக்கு கோமி போட்டார். வெள்ளை மக்காச்சோளக் குருணையைக் கிண்டிக் கிண்டி இறக்கிய களி; வேறு பெயர் சொல்லத் தோன்றவில்லை. சூட்டோடு சூடாக அதற்குள் சுல்குனி பாலாடைக்கட்டித் துண்டுகளைச் செருகிவிடுகிறார்கள். அது உள்ளேயே உருகிக்கொண்டிருக்கும். தொட்டுக்கொள்ள அஜிகா, மெக்ரேலியாவின் மிளகாய்ச் சட்னி. ஜார்ஜியாவுக்கு வந்த பத்து நாளில் முதன்முறையாக நாக்கு சுரீர் என்றது. காலையில் பார்த்த ததியானி அரண்மனையையும், அங்கே வைத்திருக்கும் நெப்போலியனின் சவ முகமூடியையும் பற்றி எழுத நினைத்திருந்தேன். இந்தக் களிக்கு முன்னால் அதெல்லாம் நிற்கவில்லை.

சாப்பிட்டு முடித்தபின்தான் சொன்னார், நோனாக்கா இந்த ஊர்க்காரர் அல்ல. காக்ராக்காரர். காக்ரா அப்காசியாவில், கருங்கடல் கரையில் இருக்கிறது. 1992 அக்டோபரில், அப்காசியப் பிரிவினைப் போரில், அந்த ஊர் விழுந்தபோது கைக்குழந்தையோடு கிளம்பியவர். அந்தப் போரில் வீடிழந்து வந்த ஜார்ஜியர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல்; அவர்களில் நிறையப் பேர் ஜுக்திதியிலேயே தங்கிவிட்டார்கள். எல்லை பக்கத்தில் இருக்கிறது, நிலைமை சரியானதும் திரும்பிப் போய்விடலாம் என்று. அதற்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

“பிட்சுந்தா எங்கள் ஊருக்குப் பக்கம்” என்றார்.

பிட்சுந்தா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பைன் மரக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஓய்வூரில்தான் 1978-இல் நோனா பட்டத்தை இழந்தார். பதினாறு வருடம் வைத்திருந்த பட்டம். அல்லா குஷ்னிர் மூன்று முறை வந்து மோதியும் பறிக்க முடியாதது. எதிரே உட்கார்ந்திருந்த மாயா சிபுர்தனிட்ஸேவுக்கு வயது பதினேழு. முடிவு 8½–6½. நோனா பட்டம் வென்றபோது மாயா ஒரு வயதுக் குழந்தை.

“அப்பா ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்” என்றார் நோனாக்கா. “யாருக்குக் கை தட்டுவது என்று தெரியவில்லையாம். இரண்டும் நம் வீட்டுப் பிள்ளைகள். கடைசியில் நோனா தோற்றதும் அப்பா என்னைப் பார்த்து, ‘உன் பெயரை மாற்ற முடியாது, போ’ என்றார்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். துடுப்பால் ஒரு கொட்டையைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் எங்குரி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். நீளமான பாலம், இந்தப் பக்கம் ஜார்ஜியப் போலீஸ் சாவடி. சந்தைப் பையோடு சில கிழவிகள் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் தூரத்திலேயே நின்றுவிட்டோம். ஆறு கூழாங்கல் படுகையில் பிரிந்து பிரிந்து ஓடியது. நோனா பிறந்த ஊர் எனக்குப் பின்னால், கிரீடம் பறிபோன ஊர் ஆற்றுக்கு அப்பால்.

அந்த 1978-ஐப் பற்றி நான் கேட்டதும் படித்ததும் எல்லாம் தோல்விக் கதை. என் மனதில் நிற்பது வேறு. கிரீடம் போன அதே வருடத்தில்தான் கிராண்ட்மாஸ்டர் பட்டமும் வந்தது. கிரீடம் பெண்களோடு ஆடி ஜெயித்தது. பட்டம் அப்படியல்ல. சாம்பியனாக இருந்த காலம் முழுவதும் நோனா ஆண்கள் ஆடும் போட்டிகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார். இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ், ஜெர்மனியில் டார்ட்மண்ட். 1974-இல் டார்ட்மண்டில் ருடால்ஃப் செர்வாத்தி என்பவரை இருபது நகர்த்தல்களுக்குள் கவிழ்த்த ஆட்டத்தை இன்றும் புத்தகங்களில் போடுகிறார்கள். 1977-இல் கலிபோர்னியாவில் லோன் பைன் என்ற மலையடிவாரச் சிற்றூரில் நடந்த ஓபன் போட்டியில் மூன்று ஆண்களோடு சேர்ந்து முதலிடம். ‘சிறந்த பெண்’ அல்ல, முதலிடம்.

கிராண்ட்மாஸ்டர் ஆக நார்ம் வாங்க வேண்டும். கடுமையான போட்டிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆடிக் காட்ட வேண்டும், அந்த ஆட்டங்களைக் கூட்டினால் இத்தனை வர வேண்டும் என்று கணக்கு. நோனாவுக்கு லோன் பைன் கணக்கில் வந்தும் மொத்த ஆட்டங்களில் கொஞ்சம் குறைந்தது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதைப் பொருட்படுத்தாமல் பட்டத்தைக் கொடுத்தது. இதைச் சலுகை என்று முணுமுணுப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அது சலுகையாகப் படவில்லை. ஒன்பதாம் இடத்தை ஒன்பதாம் இடம் என்று ஒருமுறையாவது உரக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் 2020-இல் வந்த ‘தி குயின்ஸ் கேம்பிட்’ தொடர் அவருக்கு அத்தனை கோபத்தை உண்டாக்கியது. கதாநாயகி கற்பனைப் பாத்திரம். அவள் பெருமையைச் சொல்ல, நிஜ நோனாவின் பெயரை எடுத்து, அவர் ஆண்களோடு ஆடியதே இல்லை என்று ஒரு வரி. எண்பது வயதில் அமெரிக்க நீதிமன்றத்தில் நெட்ஃப்ளிக்ஸ் மேல் ஐம்பது லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கதை நடக்கும் 1968-க்கு முன்பே 59 ஆண்களோடு ஆடியிருந்ததாகவும் அவர்களில் பத்துப் பேர் கிராண்ட்மாஸ்டர்கள் என்றும் மனுவில் கணக்குக் கொடுத்தார். 28 பேரோடு ஒரே நேரத்தில் ஆடியதும் அதில் சேர்த்தி. கற்பனைக் கதைக்கு அவதூறுச் சட்டம் பொருந்தாது என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. 2022 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள். அவரை ரஷ்யாக்காரி என்று வேறு அந்தத் தொடரில் சொல்லியிருந்தார்கள். எங்குரிக் கரையில் நின்றுகொண்டு இதை நோனாக்காவிடம் சொன்னபோது, அவர் முகம் சிவந்தது அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான்.

பதூமிக்கு மர்ஷ்ருத்கா. நம் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன். வேன் நிரம்பினால்தான் கிளம்பும். போத்தி வரை பசுமாடுகள் சாலையை விட்டு நகரவில்லை. அதன்பின் கடல். பதூமி வேறு உலகம்: சூதாட்ட விடுதிகள், கண்ணாடிக் கோபுரங்கள், கூழாங்கல் கடற்கரை, விடாத தூறல். ஆனால் இந்தப் பயணத்தின் நூல் இங்கேதான் தொடங்குகிறது. பன்னிரண்டு வயது நோனா ஓர் அணிப் போட்டிக்கு வந்தது இந்த ஊருக்கு. அணிக்கு ஒரு பெண் பிள்ளை தேவைப்பட்டதால் சேர்த்துக்கொண்டார்களாம். அங்கே கர்செலாட்ஸேயின் கண்ணில் பட்டு, திபிலிசிக்குப் போனார்.

எழுபது வருடத்துக்கு மேல் கழித்து, 2025 ஜூலையில், இதே பதூமியில் பெண்கள் உலகக் கோப்பை. கால் இறுதிக்கு வந்த எட்டுப் பேரில் நாலு பேர் இந்தியப் பெண்கள், அவர்களில் நம் வைஷாலியும் ஒருவர். இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் இந்தியக் கொடி. பிட்சுந்தாவில் நோனாக்காவின் அப்பாவுக்கு வந்த திண்டாட்டம் அன்றைக்கு நம் வீட்டு வரவேற்பறைக்கு வந்தது. ஒரு பக்கம் 38 வயது கோனேரு ஹம்பி. 2002-இல், பதினைந்து வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அந்த வயதுச் சாதனையை ஜூடித் போல்கரிடமிருந்து பறித்தவர். இன்னொரு பக்கம் 19 வயது திவ்யா தேஷ்முக். இரண்டு ஆட்டம் டிரா. டை-பிரேக்கில் முதல் ராபிட் டிரா. இரண்டாவதில் கருப்புக் காய்களோடு திவ்யா ஜெயித்தார். பதூமிக்கு வரும்போது அவர் கையில் ஒரு கிராண்ட்மாஸ்டர் நார்ம்கூட இல்லை. கோப்பையை வென்றால் பட்டம் நேரடியாகக் கிடைக்கும் என்பது விதி. நார்ம் கணக்கு முடியாமல் ஜார்ஜியாவின் நோனா. நார்மே இல்லாமல் ஜார்ஜியாவில் வைத்து திவ்யா. இந்த முறை முணுமுணுப்பு என் காதுக்கு எட்டவில்லை.

கடற்கரை பூலிவாரில் பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கு அவளைக் கூட்டிப்போனேன்; ஆட்டத்தை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது, வேண்டா வெறுப்பாகத்தான் வந்தாள். நம் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள், ஜார்ஜியப் பெண்கள் வெள்ளி. “அவங்களப் பாரும்மா, எவ்ளோ சாதாரணமா உக்காந்திருக்காங்க” என்று அன்றைக்கு அவள் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

நோனாக்கா கட்டிக்கொடுத்த ஹேசல் கொட்டைப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன், களியைப் பற்றிச் சொன்னேன். வறண்ட பாலத்தில் ஏமாந்த கதையையும் சொன்னேன்.

“என்னம்மா, எண்ணிப் பாக்கலயா?”

“எண்ணினேன்டீ. முப்பத்திரண்டு இருந்துது. கருப்புல ஒரு சிப்பாய் கம்மி, ரெண்டு மந்திரி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“தூக்கிப் போட்டுடாத, எடுத்துட்டு வா” என்றாள். “நீ வந்ததும் ஆடலாம். நான் கருப்பு.”